கறைக்கு மேலே ஒரு சாண்

பெயிண்டருக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. பொண்டாட்டியோடு ஒரே அறையில் படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட வயசில் இதெல்லாம் ஒரு ஆசையா என்று சிலர் கேட்கலாம். கேட்கிறவர்கள் கீழே ஒருத்தர் மேலே ஒருத்தர் என்று ஒரு வருஷம் படுத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

அவர் மனைவி தையல்காரி. தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும். போன வருஷம் ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் போன் என்று மாடிப்படி இறங்கியவள் இரண்டில் எதையும் விட மனசில்லாமல் உருண்டு விழுந்தாள். போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இடுப்பெலும்பு உடைந்தது. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “இனிமே மாடிப்படின்னு ஒண்ணு வீட்ல இருக்குங்கறதையே மறந்துடுங்க.”

மறந்துவிடலாம். ஆனால் படுக்கை அறை மாடியில் அல்லவா இருந்தது! கீழே இருப்பது ஒரே கூடம். அதில் தையல் மெஷின், துணி வெட்டுகிற பெரிய மேஜை, அளவு பார்க்க வருகிறவர்கள் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் ஆளுயரக் கண்ணாடி, தைத்து மாட்டிய துணிகள், தைக்காமல் குவிந்த துணிகள். இத்தனைக்கும் நடுவில் சுவரோரமாக ஒற்றைக் கட்டில் ஒன்றைச் செருகினார்கள். இன்னொரு கட்டிலுக்கு வழியே இல்லை. முதல் வாரம் பெயிண்டர் மேஜைக்கு அடியில் பாய் விரித்துப் பார்த்தார். காலையில் எழுந்த வேகத்தில் மண்டை மேஜையில் இடித்தது. முதுகில் குண்டூசி ஏறியிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: “இந்த வீட்டுக்கு ஒடஞ்ச இடுப்பு ஒண்ணு போதும். நீங்க மேலயே போய்ப் படுங்க.”

அப்படித்தான் ஆளுக்கொரு தளம் ஆயிற்று. பேசிக்கொள்ள ஒரு பழைய திரைச்சீலைக் கம்பி இருந்தது. கட்டிலில் படுத்தபடியே அதால் கூரையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இறங்கி வா. இரண்டு தட்டு என்றால் வேண்டாம், தேடினது கிடைத்துவிட்டது. மற்ற நாளெல்லாம் பரவாயில்லை, மழை பெய்தால்தான் தொல்லை. தட்டு மேல் தட்டு. விழுந்தடித்து இறங்கி வந்தால், “அந்தக் கத்தரிக்கோலை எடுத்து மேஜை மேல வைங்க” என்பாள். அல்லது, “ஜன்னல் சாத்தியிருக்கா பாருங்க.” சாத்தித்தான் இருக்கும். இதற்கா ஒரு மனுஷனை எழுப்புவார்கள்? முறைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்ப ஏறுவார். மழை வந்தால் இவளுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்துவிடுகிறது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

மேலே படுத்தாலும் அவருக்கும் தூக்கம் வந்தபாடில்லை. அவள் குறட்டை இல்லை, படுத்த பிறகு வாசிக்கிற குற்றப்பத்திரிகை இல்லை. யாரும் திட்டாமல் தூங்கி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் ஓர் அறை கட்டிவிடுவது என்று தீர்மானித்தார். இரட்டைக் கட்டில், ஒரு ஜன்னல், படியே இல்லாத வாசல். கட்ட வேண்டுமானால் கட்டட அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிவம் வேண்டும். படிவம் நிரப்ப மச்சினன் வேண்டும்.

மச்சினன் டெய்லரம்மாவின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். ஸ்கூல் கார் நிற்பது அக்கா வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், வாடகை இல்லாமல். அந்த நன்றிக்கடனுக்கு அவன் வாரம் தவறாமல் வந்து யோசனை சொல்லுவான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருப்பதாக இதுவரை அவனுக்குத் தெரியவில்லை.

படிவத்தில் பேர், விலாசம், இடத்தின் நீளம் அகலம் எல்லாம் மளமளவென்று போயிற்று. கடைசிப் பக்கத்தில்தான் வந்தது வினை. இந்த இடத்தில் இதற்கு முன் வெள்ளம் வந்தது உண்டா, உண்டென்றால் எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தது. பெயிண்டரின் பேனா நின்றது.

“இல்லைன்னு போடுங்க மாமா,” என்றான் மச்சினன், யோசிக்காமலே.

மெஷின் சத்தம் டக்கென்று நின்றது. “வந்துச்சேடா! நான் விழறதுக்கு முந்தின வருஷம் மெஷினை மாடிக்குத் தூக்கினோமே. நீதான் அன்னிக்கு எட்டிக்கூடப் பாக்கல.”

“அக்கா, அவங்க கேக்கறது வெள்ளம். நமக்கு வந்தது தண்ணி. வந்துச்சு, இருந்துச்சு, போயிடுச்சு.”

“வாசல் கேட்டையும் கூட்டிக்கிட்டுப் போச்சு.”

“அது பழைய கேட்டு,” என்றான் மச்சினன். “மாமா, உண்டுன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? பேக்கரிக்காரரைக் கேளுங்க.”

பெயிண்டருக்கே தெரியும். தெருக்கோடிப் பேக்கரிக்காரர் பின்பக்கம் ஒரு கொட்டகை போட அனுமதி கேட்டு, யோக்கியமாக ‘உண்டு, உயரம் ஞாபகமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். அவர் மனு இன்னும் ஆபீஸில் தூங்கிக்கொண்டிருக்கிறது. மனுவாவது தூங்குகிறதே என்று பெயிண்டருக்கு அதன் மேல் பொறாமை வந்தது. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, ஆனால் கொஞ்சம் கோபமாக.

சில வாரத்தில் பதில் வந்தது. இடத்தை நேரில் பார்வையிட ஆபீஸர் வருவார் என்று.

இங்கே பார்டர் கதையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அப்புறம் நடந்தது புரியாது. தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அது கரை மீறி வந்து, வடிந்து போன பிறகு, எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு கறை நின்றது. டீயை ஆற வைத்து மறந்துவிட்டால் டம்ளரில் ஒரு கோடு நிற்குமே, அதே கோடு. வெள்ளையடித்துப் பார்த்தார் பெயிண்டர். ரெண்டு வாரத்தில் கறை வெளியே வந்து எட்டிப் பார்த்தது. இன்னொரு கோட் அடித்தார். அதற்கும் அது அசரவில்லை. கடைசியில் தரையிலிருந்து கறைக்கு மேலே ஒரு சாண் வரைக்கும் அடர் பழுப்பில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தார். கறை அமுங்கிப் போயிற்று. சுவரும் எடுப்பாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “நல்லாயிருக்கே, இது என்ன?” என்றார்.

“இதான் பார்டர். துணிக்கு பார்டர் வெச்சா எடுப்பா இருக்குதுல்ல? வீட்டுக்கும் அப்படித்தான்,” என்றார் பெயிண்டர்.

வெள்ளத்தை மறக்கத் துடித்துக்கொண்டிருந்த தெரு அது. வீட்டை விற்க நினைத்தவர்களும் இருந்தார்கள், வாடகைக்கு விட நினைத்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் வந்து வரிசையில் நின்றார்கள். உள்ளேயும் வெளியேயும் தெரு முழுக்க பார்டர் கட்டிக்கொண்டது. தெருவின் மேல் முனையில் அது முட்டி உயரத்துக்கு இருந்தது, நடுவில் பெயிண்டர் வீட்டில் இடுப்பு உயரம், சரிந்து போகிற கடைசியில் பேக்கரியில் நெஞ்சு உயரம். “பாக்க லட்சணமா எனக்கும் முட்டியோட நிறுத்தேன்பா,” என்று பேக்கரிக்காரர் கெஞ்சினார். பெயிண்டர் மசியவில்லை. “கறை எங்க நிக்குதோ அங்கேருந்து ஒரு சாண். அதுக்குக் கீழ நிறுத்தினா ஈரம் ஊறி வெளிய வரும். அப்புறம் என் பேரு என்னத்துக்கு ஆகும்?” வேலை விஷயத்தில் அவர் ராட்சசன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நூலில் கலர்ப் பொடி தடவி, இழுத்து விட்டு, அந்தக் கோட்டின் மேல்தான் பிரஷ் வைப்பார். ஒரு மயிரிழை ஏறாது, ஒரு மயிரிழை இறங்காது.

ஆபீஸர் வருகிற செய்தி வந்ததும் கூடத்துக் கட்டிலை நகர்த்திவிட்டு பார்டருக்குப் புதுசாக இன்னொரு கோட் அடித்தார். கட்டிலைத் திரும்பத் தள்ளி வைத்தார். மச்சினன் வந்து அவரை ஸ்டூலில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

“லைசென்ஸ் டெஸ்ட் மாதிரிதான் மாமா. நேரா பாக்கணும். கேட்டதுக்கு மட்டும் பதில். நீங்களா போய் ஹாரன் அடிக்கக் கூடாது.”

“நான் எங்கடா மாப்ள பேசப் போறேன்?”

“நீங்க பேச மாட்டீங்க. பெயிண்டைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் நிறுத்த மாட்டீங்க,” என்றாள் டெய்லரம்மா.

ஆபீஸர் வந்தார். சின்ன வயசுப் பெண். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாக நின்று பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். உள்ளே வந்ததும் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. இதற்கா பயந்தோம் என்று பெயிண்டருக்குத் தெம்பு வந்துவிட்டது.

“இந்தத் தெருவுல முந்தின வருஷம் தண்ணி வந்ததா சொல்றாங்களே ஐயா?”

“அப்படியா மேடம்?” என்றார் பெயிண்டர். மெஷின் டக்கென்று நின்று மறுபடி ஓடியது. கிளட்சை ஒழுங்காக விட்ட மாணவனைப் பார்ப்பதுபோல மச்சினன் தலையாட்டினான்.

“பின்னால கால்வாய் ஓடுதே, அது எப்படி?”

“ரொம்ப அடக்கமான கால்வாய் மேடம். அது பாட்டுக்குப் போகும், வரும்.” மெஷின் மறுபடி டக்.

“வரும்னா?”

“வரும்னா... வராது மேடம். போகும். போறது மட்டும்தான்.”

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். ஆபீஸர் அதற்கு மேல் துருவவில்லை. பின்பக்க இடத்தை அளந்து பார்த்தார், குறித்துக்கொண்டார், திரும்பக் கூடத்துக்கு வந்தார். சோதனை முடிந்தது என்று மச்சினன் கண்ணாலேயே சொன்னான். பெயிண்டர் இரட்டைக் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஆபீஸர் சுவரைப் பார்த்தார்.

“பெயிண்ட் புதுசா இருக்கே.”

“நம்ம கைவேலைதான் மேடம்.”

“தெரு முழுக்க இதே மாதிரி இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். ஒரு வீட்ல முட்டி வரைக்கும் இருக்கு, ஒரு வீட்ல இடுப்பு வரைக்கும் இருக்கு, அந்தப் பேக்கரியில நெஞ்சு வரைக்கும் இருக்கு. யாரோ அளவே பாக்காம, குத்துமதிப்பா இழுத்துட்டுப் போயிருக்காங்க போல.”

குத்துமதிப்பா!

பெயிண்டருக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. சோம்பேறி என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். பொய் சொல்கிறாய் என்று சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பார். அவர் கோட்டைப் போய்க் குத்துமதிப்பு என்று சொன்னால்?

“மேடம், என்ன வார்த்தை சொல்லிட்டீங்க!” என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வாங்க, தெருவுல நின்னு பாருங்க. வீடு ஏறும், வீடு இறங்கும். என் கோடு ஏறாது, இறங்காது. ரசமட்டம் வெச்சு, நூல் புடிச்சு அடிச்ச கோடு. அந்த முனையிலேருந்து பேக்கரி வரைக்கும் ஒரே மட்டம்! தெருதான் மேடம் சரிவு, என் கோடு இல்ல!”

“மாமா...” என்றான் மச்சினன்.

“நீ சும்மா இருடா. குத்துமதிப்பாம்ல!”

“ஒரே மட்டமா? இத்தனை வீட்டுலயும் எப்படி அவ்வளவு கரெக்டா வந்துச்சு?” என்றார் ஆபீஸர், நிஜமான ஆச்சரியத்தோடு.

“எப்படி வரும்? அளவு இருக்கு. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. கறைக்கு மேல ஒரு சாண். கறை எங்க வந்து நின்னுச்சோ, அங்கேருந்து கரெக்டா...”

அங்கேதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. மெஷின் நின்றுபோயிருந்தது. மச்சினனின் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவன் லாரிக்கு நேராக வண்டியை விடும்போது பக்கத்து சீட்டிலிருந்து மச்சினன் மிதிக்கிற பிரேக் அது. இந்தத் தடவை மிதித்தும் புண்ணியமில்லை.

“என்ன கறை?” என்று கேட்டார் ஆபீஸர், அதே மெதுவான குரலில்.

பெயிண்டர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான்.

“தண்ணிக் கறைம்மா, வேற என்ன?” என்றாள் டெய்லரம்மா. “ஒரு பொய்யைக்கூட ஒழுங்கா முடிக்கத் தெரியல. இதுல ரெண்டு பேரு சேர்ந்து ஒத்திகை வேற!”

ஆபீஸர் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. “தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டு எங்க ஆபீஸ்லேருந்து இந்தத் தெருவுக்கு எத்தனை பேரு வந்திருப்பாங்க தெரியுமா? உயரத்தை ஒருத்தரும் சொல்லல. பாதிப் பேரு தண்ணியா, இங்கயான்னு எங்களையே திருப்பிக் கேட்டாங்க. நீங்க வீடு வீடாப் போய் அளந்து, சுவர்லயே போட்டு வெச்சிருக்கீங்களே ஐயா! எங்க, உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க.”

“கையா?”

“சாண் காட்டுங்க. எல்லா வீட்டுலயும் இவ்வளவுதானே கழிக்கணும்?”

பெயிண்டர் திருடன் மாதிரி கையை நீட்டி விரித்தார். ஆபீஸர் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரைக்கும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரமாகப் பூச்செடியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்த பேக்கரிக்காரர், “பாவி மனுஷா, தெருவையே காட்டிக் குடுத்துட்டியேய்யா!” என்று கத்திவிட்டு ஓடினார், தெருவில் எல்லோருக்கும் சொல்ல.

பெயிண்டருக்கு அழுகையே வந்துவிட்டது. “மேடம், பொய் சொன்னது தப்புதான். தெருவுல எந்த வீட்டை வேணா என்ன வேணா பண்ணுங்க, என் ரூமை மட்டும் கெடுத்துடாதீங்க. பெருசா ஒண்ணும் கேக்கல மேடம். என் பொண்டாட்டிகூட ஒரே ரூம்ல படுக்கணும். அவ்வளவுதான் மேடம்.”

“ஐயையோ, சின்னப் பொண்ணுகிட்டப் போய் என்ன பேசறதுன்னு இல்லையா!” என்று டெய்லரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். காது ரெண்டும் சிவந்துபோயிருந்தது.

ஆபீஸர் சிரிக்கவில்லை. “இப்ப அம்மா எங்க படுக்கறாங்க?” என்று கேட்டார்.

“இதோ, இந்தக் கட்டில்லதான்.”

ஆபீஸர் கட்டில் பக்கத்தில் போனார். டேப்பின் ஒரு முனையைத் தலையணையின் மேல் வைத்து, இன்னொரு முனையைச் சுவரோடு மேலே இழுத்தார். அவர் கை மேலே போய்க்கொண்டே இருந்தது. பழுப்பு முடிகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது.

பெயிண்டர் பார்த்தார். அந்தச் சுவரை எத்தனை தடவை அடித்திருப்பார்! முதலில் அடித்தபோது அங்கே கட்டிலே கிடையாது. அப்புறம் அடித்தபோதும் கட்டிலை நகர்த்திவிட்டுத்தான் அடித்தார். அடித்துக் காய்ந்த பிறகுதான் கட்டிலைத் தள்ளி வைத்தார். கோட்டைப் பார்க்கும்போது கட்டில் இல்லை. கட்டிலைப் பார்க்கும்போது கோட்டைப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“அன்னிக்குத் தண்ணி உள்ள வந்தப்ப அம்மா எங்க இருந்தாங்க?”

“மாடியில மேடம்.”

“எப்படிப் போனாங்க?”

“ஏறித்தான்...” என்றார். அன்றைக்கு மெஷினின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம் வாங்க, என்ன அன்னநடை நடக்கறீங்க!” என்று திட்டிக்கொண்டே படியேறியது கண்ணுக்கு முன்னால் வந்தது. முதலில் ஏறியது அவள்தான். தண்ணீர் வந்த வேகம் அப்படி.

“அந்தக் கேள்வியை உங்களை மாட்டிவிடறதுக்கு வைக்கல ஐயா,” என்றார் ஆபீஸர். “இதுக்குத்தான் வெச்சிருக்கோம்.”

பெயிண்டர் அப்படியே வெட்டும் மேஜையின் ஓரத்தில், யாருக்கோ வெட்டி வைத்திருந்த துணியின் மேலேயே உட்கார்ந்தார். அதற்கு அவள் திட்டவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றார்.

“என்னது?”

“இந்தக் கட்டிலு... கோட்டுக்குக் கீழ இருக்கறது.”

“தெரியாமயா? ஒருக்களிச்சுப் படுத்தா மூக்குக்கு நேரா உங்க பார்டர்தானே இருக்கு.”

“அப்ப மழைக்கு மழை கம்பியால தட்டினியே, கத்தரிக்கோலுன்னு, ஜன்னலுன்னு...”

“பின்ன, கத்தரிக்கோலுக்கா தட்டினேன்?” என்றாள் டெய்லரம்மா. அவிழ்க்க வேண்டாத ஒரு நூலை உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “பயந்து வரும். படியில உங்க காலடி கேட்டா கொஞ்சம் அடங்கும். நீங்க என்னடான்னா வந்து ஒரு முறை முறைச்சுட்டுப் போவீங்க.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்களும் தூங்க மாட்டீங்க. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் முழிச்சிருந்தா போதாதா?”

பெயிண்டர் தலைமாட்டிலிருந்த கம்பியைப் பார்த்தார். அவர் முறைத்த முறையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “அக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...” என்று மச்சினன் ஆரம்பித்தான். “நீ வாயை மூடு,” என்று புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து சொன்னார்கள்.

அப்புறம் ஆபீஸர் மேஜை மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, படம் போட்டு விளக்கினார். அறை கட்டலாம். ஆனால் அதன் தரை கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். தரையை அவ்வளவு உயர்த்தினால் படி வைக்க வேண்டியிருக்கும், படி அம்மாவுக்கு ஆகாது. அதனால் வாசல் கேட்டிலிருந்தே ஆரம்பித்து, வீட்டின் பக்கவாட்டில் நீளமாக, மெதுவாக ஏறுகிற ஒரு சரிவுப் பாதை போட வேண்டும். கைப்பிடியோடு. தண்ணீர் வந்தாலும் கூடத்திலிருந்து அந்த அறைக்குப் போக உள்பக்கமும் ஒரு கதவு, அதற்கும் ஒரு சரிவு.

“பக்கவாட்டுலயா? அங்க என் கார் நிக்குதே!” என்று அலறினான் மச்சினன்.

“நின்னுச்சு,” என்றாள் அவன் அக்கா.

படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பெயிண்டர் அங்கேயே திருத்தினார். வெள்ளம் வந்தது உண்டா? உண்டு. எவ்வளவு உயரம்? அதற்கு ரசமட்டத்தை எடுத்து வந்து, பார்டரில் ஒரு சாண் கழித்து, இரண்டு தடவை சரிபார்த்து, பென்சிலால் குறித்த பிறகுதான் எழுதினார்.

ஆபீஸர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, “குத்துமதிப்புன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க ஐயா,” என்றார்.

“அது உங்க கண்ணு மேல தப்பு இல்ல மேடம். தெரு சரிவு,” என்றார் பெயிண்டர், பெரிய மனசு பண்ணி.

தெரு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் வந்தால் பேக்கரிக்காரர் ரொட்டியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் உயரம் தெரிந்துபோனதால், ஆபீஸில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மனு திடீரென்று எழுந்து உட்கார்ந்தது. கொட்டகையைக் கோட்டுக்கு மேலே கட்டிக்கொள் என்று பதில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்து, “எப்பப்பா எனக்கு மட்டம் புடிச்சுத் தருவே?” என்று கேட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் பிற்பாடு. ஆபீஸர் வந்து போன அன்றைக்கே பெயிண்டர் ஒரு காரியம் செய்தார். அனுமதி வந்து, அறை கட்டி முடிக்க எத்தனை மாசம் ஆகுமோ. அதுவரைக்கும் அவளைக் கோட்டுக்குக் கீழே தனியாக விட்டுவிட்டு மேலே போய்ப் படுக்க அவருக்கு மனசு வரவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரையில் இடமில்லை. சுவரோரம் இடமில்லை. அண்ணாந்து பார்த்தார். மேலே எவ்வளவு இடம்!

மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய், பெயிண்டடிக்க ஏறி நிற்கிற இரும்புச் சட்டங்களையும் பலகைகளையும் கொண்டுவந்தார். வெட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று சட்டங்களை நிறுத்தி, மேஜைக்கு மேலே, கூரைக்குக் கீழே பலகையைப் போட்டுக் கட்டினார். அதன் மேல் மெத்தையை விரித்தார். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பலகையில் படுத்துத் தூங்கியே பழகிய உடம்பு அது.

“இத்தனை நாள் இது ஏன் உங்களுக்குத் தோணல?” என்றாள் டெய்லரம்மா.

“வேலைக்குப் போற எடத்துலயும் இதே பலகைதானே, வீட்லயுமான்னு இருந்துட்டேன் போல,” என்றார், அசடு வழிய.

அளவு கொடுக்க வந்தவர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்து, அதற்கு மேலே தலைகீழாக எட்டிப் பார்க்கிற பெயிண்டரைப் பார்த்து அலறினார்கள். “பயப்படாதீங்க, அவர் இங்கதான் குடியிருக்காரு,” என்று வாய் நிறைய ஊசியோடு டெய்லரம்மா சமாதானம் சொல்வாள். அனுமதி வந்தது. கார் சந்தைக் காலி செய்தது. சரிவுப் பாதையில் ஈர சிமெண்ட் காய்வதற்கு முன்பே மச்சினன் மேல் முனையில் போய் நின்றுகொண்டு அக்காவுக்குப் பாடம் எடுத்தான்: “ஃபர்ஸ்ட் கியர்லயே வரணும்க்கா. நடுவுல நின்னா பின்னால உருளும்.”

அறைக்கு இன்னும் கூரை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்திருந்தார்கள். அவள் கட்டிலில், அவர் பலகையில். ஜன்னல் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் ஜன்னலுக்கு மேலே இருந்த தகரத்தில் நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் சோவென்று பிடித்துக்கொண்டது. டெய்லரம்மாவின் கை, பழக்க தோஷத்தில், தலைமாட்டிலிருந்த கம்பியை எடுத்தது. கூரையைத் தட்டத்தான் தூக்கினாள். அது சாய்ந்து, பலகை விளிம்பில் ஒருக்களித்துப் படுத்திருந்த பெயிண்டரின் முதுகில் போய்க் குத்தியது.

“ஆ! என்னடி?” என்று அவர் எட்டிப் பார்த்தார். “கத்தரிக்கோலா?”

“இல்ல. இருக்கீங்களான்னு பாத்தேன்.”

“இருக்கேன்.”

“சரி, தூங்குங்க. அந்தப் பலகை ஏன் இப்படி ஆடுது? ஒழுங்காக் கட்டத் தெரியல. நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன நூலையும் மறந்துட்டீங்க. சொன்னா ஒரு காது வழியா...”

அவள் திட்டிக்கொண்டே போனாள். பாதியிலேயே பெயிண்டர் தூங்கிப்போனார். வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சு மெதுவாகத் தேய்ந்து, கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்தும் குறட்டை கேட்டது.